கல் டீச்சர் பதில்கள்

பழங்காலக் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கும் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஓடைக்காட்டைப் பற்றிப் போன இதழில் நான் எழுதிய இரண்டு பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரு மஞ்சள் பையில் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். பைக்குள் கடிதங்களோடு மூன்று கற்கள். ஒன்று சிப்பி, ஒன்று சுண்ணாம்புக் கட்டி, ஒன்று நன்றாகச் சுட்ட செங்கல். செங்கல்லை அனுப்பியவர் வெட்கப்பட வேண்டாம். 31 வருஷம் கல்லூரியில் நிலவியல் நடத்திய நானே, முதல் வருஷ மாணவியாக இருந்தபோது ரோட்டோரம் கிடந்த தார்க்கட்டியை எரிமலைப் பாறை என்று பேராசிரியரிடம் நீட்டியவள்தான்.

2020ல் குன்னம் பக்கம் குளம் தூர்வாரும்போது டைனோசர் முட்டை கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் வந்தது. அப்புறம் இல்லை என்றார்கள். எங்கள் கொல்லையிலும் அதே மாதிரி உருண்டைக் கல் இருக்கிறது. முட்டையா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?
(ஒரு வாசகர், செந்துறை)

அந்தப் படங்கள் எனக்கும் வந்தன. பழைய மாணவர்கள் ஒருவர் விடாமல் அனுப்பினார்கள். கல்லைப் பார்ப்பதற்கு முன் அது கிடந்த மண்ணைப் பாருங்கள். குன்னம், காரை, கொளக்காநத்தம் எல்லாம் கடலடியில் படிந்த களியும் மணலும் நிறைந்த பூமி. கூடவே சிப்பியும், நத்தை மாதிரி சுருண்ட ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் பிராணியான அம்மோனைட்டும் கிடைக்கும். எந்த டைனோசரும் கடலுக்கு அடியில் போய் முட்டையிடாது. வழக்கு அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

சரி, அப்படியானால் உருண்டை எங்கிருந்து வந்தது? செத்த சிப்பியோ அம்மோனைட்டோ சேற்றில் புதைகிறது. சதை அழுகும்போது சுற்றியுள்ள சேற்றின் ரசாயனம் மாறி, தண்ணீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அதைச் சுற்றிப் பூந்திக்குப் பாகு ஏறுவது போல் ஏறி இறுகுகிறது. மற்ற சேறு வெறும் களியாகவே நிற்கும். கோடிக்கணக்கான வருஷம் கழித்து மழை களியைக் கரைத்தெடுத்துவிட்டு உருண்டையை மட்டும் விட்டுவைக்கும். உடைத்தால் சில சமயம் நடுவில் அம்மோனைட் இருக்கும், பல சமயம் ஒன்றும் இருக்காது.

நிஜ முட்டைக்கு ஓடு இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் கனம்தான்; அதை அரைத்து நுண்ணோக்கியில் வைத்தால் காற்றுத் துளைகளும் தூண் தூணாக நிற்கும் படிகங்களும் தெரியும். நம் நாட்டில் அப்படிப்பட்ட முட்டைகள் நர்மதைப் பக்கம் ஏராளம். மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் மட்டும் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் கணக்கெடுத்து 2023ல் வெளியிட்டார்கள். உங்கள் கொல்லை உருண்டைக்கு ஓடு இருந்தால் எழுதுங்கள், முதல் பஸ்ஸில் வருகிறேன்.

உலகத்திலேயே பெரிய டைனோசர் அரியலூரில் கிடைத்ததாமே? எந்த மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள்? லீவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன்.
(ஒரு வாசகி, ஜெயங்கொண்டம்)

எந்த மியூசியத்திலும் இல்லை, அம்மா. அது கரைந்துபோனது.

அரியலூர் பக்கம் கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த எலும்புகள் அவை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் 1987ல் அதற்குப் புருஹத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயர் வைத்தார்கள். முதல் பாதி வடமொழி: பெருத்த உடல் கொண்டது என்று அர்த்தம். கங்கைகொண்டசோழபுரத்துப் பிரகதீஸ்வரர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறார், அந்த 'பிரகத்'தான் இதுவும். பின்பாதி, 1929ல் இந்தப் பகுதி டைனோசர்களைப் பற்றி எழுதிய மேட்லி என்ற ஆங்கிலேயருக்கு மரியாதை. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு மட்டும் 2 மீட்டர். பக்கத்தில் ஆறடி ஆள் படுத்தாலும் எலும்பு மிஞ்சும்.

முதலில் அதை மாமிசம் தின்னும் வகை என்று சொன்னார்கள். பிறகு வந்தவர்கள், இல்லை, நீளக் கழுத்துத் தாவரபட்சிணியாகத்தான் இருக்கும் என்றார்கள். இதற்குள் நிஜப் பொருள் கையில் இல்லாமல் போயிற்று. களிமண்ணில் ஊறிய எலும்பு, வெயிலில் வெடித்து மழையில் பொடியாகி, பத்திரமான இடத்துக்கு வந்து சேரவே இல்லை. வரைபடங்களை மட்டும் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் சிலர், அது எலும்பே இல்லை, கல்லான மரக்கட்டையாக இருக்கும் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். 2022ல்தான் அய்யாசாமி, இளம் ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து, அந்தக் காலத்தில் குழியில் எடுத்த புகைப்படங்களைத் தேடியெடுத்து வெளியிட்டார். பழைய படம்தான், ஆனாலும் எலும்பு எலும்பாகத் தெரிகிறது. அடுத்த வருஷமே அதன் எடை 100 டன்னுக்கு மேல் என்று ஒரு கணக்கு வந்தது. படத்தை வைத்து எடை போடுவதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. இருந்தாலும், அந்தப் படங்களும் இல்லாமல் போயிருந்தால் கல்லமேட்டுக்காரரை இன்னமும் மரக்கட்டை என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதே கல்லமேட்டு மண்ணிலிருந்து ஒரு பல் கிடைத்தது, ஒரே ஒரு சின்னப் பல். ட்ரூடான்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய சொந்தமான சிறு டைனோசர் வகையுடையது. அதுவரை வட கண்டங்களில் மட்டுமே தெரிந்திருந்த குடும்பம் அது. 2013ல் அந்தப் பல்லைப் பற்றிய கட்டுரை வந்தபோது உலகமே அரியலூரைத் திரும்பிப் பார்த்தது. இப்படிப்பட்ட பற்களைத் தேடுகிறவர்கள் சம்மட்டி தூக்குவதில்லை. மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறவைத்து, சல்லடையில் அலசுவார்கள். பாட்டி அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான், இங்கே கல்லை விட்டுவிட்டு அரிசியைப் பொறுக்க வேண்டும். இரண்டு மீட்டர் எலும்பு மழைக்குத் தாங்கவில்லை, இந்தக் குட்டிப் பல் தாங்கியது. எனாமலின் கெட்டி அப்படி.

பிள்ளைகளை அரியலூர் பக்கம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும், அப்படியே சாத்தனூருக்கும் அழைத்துப் போங்கள். தண்ணீர் எடுத்துப் போக மறக்க வேண்டாம்.

சாத்தனூர் கல்மரம் கடல் இருந்த இடத்தில் கிடக்கிறது என்று போர்டு சொல்கிறது. கடலில் எப்படி மரம் முளைக்கும்?
(ஏழாம் வகுப்பு மாணவன், பெரம்பலூர்)

நல்ல கேள்வி, கண்ணா. அங்கே முளைக்கவில்லை. கரையில் எங்கோ நின்ற மரம் ஆற்று வெள்ளத்தில் வந்து கடலில் மூழ்கி, மணலும் சேறும் மூடிவிட்டன. கிட்டத்தட்ட 12 கோடி வருஷத்துக்கு முந்தைய கதை. அன்றைய கடற்கரை இப்போது இருப்பதைவிட ஏறக்குறைய 100 கிலோமீட்டர் மேற்கே இருந்தது. மண்ணுக்குள் ஊறிய தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் ஒவ்வொன்றாகப் படிந்தது. அகலிகை மாதிரி ஒரே சொல்லில் கல்லாகவில்லை. 1940ல் நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி முதலில் எழுதினார். 18 மீட்டர் நீளம். அடுத்த முறை போனால் காலடி வைத்து அளந்து பார்.

இன்னொன்று: அது பூக்கும் மரம் இல்லை, ஊசியிலை மரங்களின் சொந்தம். பூக்கும் செடிகள் உலகத்தைப் பிடிப்பதற்கு முந்தைய காலத்து ஆள்.

10 கோடி வருஷத்துக்கு முன் கடல் வெதுவெதுப்பாக இருந்தது என்று எழுதினீர்கள். அன்றைக்குத் தெர்மாமீட்டர் வைத்தது யார்?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

கிண்டல் புரிகிறது. வைத்தது கணவாய் மீனின் ஒன்றுவிட்ட சித்தப்பா.

காரை ஓடையில் நடந்தால் காலடியில் உடைந்த சிலேட்டுக் குச்சி மாதிரி, ஒரு முனை கூராக, பழுப்பு நிறத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும். அதற்குப் பெலம்னைட் என்று பெயர். கணவாய் போன்ற ஒரு பிராணியின் உடம்புக்குள் இருந்த சுண்ணாம்புக் குச்சி. குறுக்கே அறுத்தால் மரத்தின் வளையம் போல அடுக்கு அடுக்காக வளர்ந்திருக்கும்.

அந்தச் சுண்ணாம்பில் ஆக்சிஜன் இருக்கிறது. ஆக்சிஜன் அணுக்களில் 16 எடை, 18 எடை என்று வகைகள் உண்டு, 18 மிக அரிது. தண்ணீர் குளிரக் குளிர, சுண்ணாம்பு அந்தக் கனமான 18ஐக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தால் ஏறக்குறைய 4 டிகிரி. இந்த யோசனையை 1940களில் சொன்னவர் ஹெரால்ட் யூரே. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்து நோபல் வாங்கியவர், பிறகு சிப்பிப் பக்கம் திரும்பினார். ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே என்று அவர் கூட்டம் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் பீடீ என்ற பாறையில் கிடைத்த ஒரு பெலம்னைட்டை. உலகமே அதோடு ஒப்பிட்டு எண் சொன்னது. அரைத்து அரைத்து அந்தப் பெலம்னைட் தீர்ந்தே போயிற்று! இப்போது அதன் பெயரில் ஒரு கற்பனை அளவுகோலை வைத்துக்கொண்டு வேலை நடக்கிறது. வீட்டில் பாட்டியின் ஆழாக்கு தொலைந்த பிறகும் 'பாட்டி ஆழாக்குக்கு ரெண்டு' என்று சொல்வதில்லையா, அது மாதிரி.

ஒரு எச்சரிக்கை. புதைந்த பிறகு நிலத்தடி நீர் ஊறினால் குச்சியின் ஆக்சிஜன் மாறிவிடும், தெர்மாமீட்டர் பொய் சொல்லும். அதனால் முதலில் உள்ளே படிகம் கெடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கணக்கு. எண்ணை மட்டும் போட்டுவிட்டு இதைச் சொல்லாத கட்டுரையை நான் பாதியில் மூடிவிடுவேன்.

ஊட்டியில் புல்வெளி எல்லாம் காட்டை அழித்ததால் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். சோலையும் புல்லும் பழங்காலத்தில் எப்படி இருந்தன என்று கண்டுபிடிக்க முடியுமா?
(ஒரு வாசகி, குன்னூர்)

முடியும், கண்டுபிடித்தும் விட்டார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் சதுப்பு இருக்கிறது. அங்கே மக்கிய செடிகொடி கறுப்பு மண்ணாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கும், பீட் என்பார்கள். ஆழம் போகப் போகப் பழைய காலம். சோலை மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் முறை வேறு. அதனால் அவற்றின் கார்பனில் 13 எடை கொண்ட வகையின் பங்கும் வேறு. மண்ணை அளந்தால் அங்கே மக்கியது மரமா புல்லா என்று தெரியும். ராமன் சுகுமார், ரமேஷ் குழுவினர் 1993ல் இதை வெளியிட்டார்கள். பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 வருஷத்துக்கு முன், மலையில் வறட்சி, புல்தான் ஓங்கியிருந்தது. மழை கூடிய காலத்தில் மரம் கூடியது. மறுபடி மாறியது. கோடாலி வருவதற்கு ரொம்ப முன்னாலேயே அங்கே புல் இருந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் இந்தப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துத்தான் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டான். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

அரியலூரைச் சுற்றி மட்டும் ஏன் இத்தனை சிமெண்ட் ஆலை?
(ஒரு வாசகர், லால்குடி)

கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறைதான் காரணம். சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன், ஆழமில்லாத கடலில் கிரைஃபியா என்ற கனத்த சிப்பிகள் மேட்டுக்கு மேடு வாழ்ந்து குவிந்தன. சுரங்கத்துச் சுவரில் உள்ளங்கை அளவுச் சிப்பிகள் அடுக்கியது போலத் தெரியும். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் அது கொஞ்சம் இருக்கலாம். உங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லக்குடி இன்னும் பழைய பாறை, பவளமும் பாசியும் கட்டியது. 1953ல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றத் தண்டவாளத்தில் படுத்துப் போராடினார்களே, அந்த ஊர்தான். ஊருக்குப் பழைய பெயர் திரும்பிவிட்டது. நிலவியல் புத்தகத்தில் மட்டும் அந்தப் பாறை இன்னமும் டால்மியாபுரம் பாறை!

காசியிலிருந்து அப்பா கொண்டுவந்த சாளக்கிராமமும் காரையில் நான் எடுத்த கல்லும் ஒரே மாதிரி சக்கரத்தோடு இருக்கின்றன. இதையும் பூஜையில் வைக்கலாமா?
(ஒரு வாசகர், ஸ்ரீரங்கம்)

வைக்கலாமா என்பதை ஆச்சாரியாரிடம் கேளுங்கள், அது என் பாடத்திட்டத்தில் இல்லை. சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி நதியில் உருண்டு வருவது. இமயம் எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலின் அம்மோனைட், ஜுராசிக் காலம். காரையினுடையது அதற்குப் பிந்தைய கிரெட்டேஷியஸ். இரண்டும் ஒரே குலம், தலைமுறை வேறு. வேடிக்கை என்னவென்றால், 1860களில் இமயத்து ஸ்பிதியின் கற்களையும் நம் திருச்சி ஜில்லாக் கற்களையும் விவரித்தவர் ஒரே ஆள்: ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவிலிருந்து வந்த இளைஞர், 1874ல் லடாக்கில் பயணத்தின்போதே இறந்துபோனார். வயது 36.

மகள் பி.எஸ்சி. நிலவியல் முடிக்கிறாள். மேலே ஃபாசில் படிக்கப் போகிறேன் என்கிறாள். இதில் சோறு கிடைக்குமா?
(ஒரு தாய், நாகப்பட்டினம்)

கிடைக்கும், பெரும்பாலும் குண்டூசித் தலையைவிடச் சின்ன ஃபாசிலில். உங்கள் மாவட்டத்து நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்களே, துளை போடும்போது மேலே வரும் பாறைத்தூளில் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர் ஓடுகளைப் பார்த்துத்தான் எந்த வயசுப் பாறையில் துரப்பணம் போகிறது என்று சொல்வார்கள். அரியலூரில் வெளியே தெரியும் அதே கடற்பாறைகள் உங்கள் ஊரில் ஆழத்தில் இருக்கின்றன. ஓ.என்.ஜி.சி. ஒன்று, யு.பி.எஸ்.சி. நடத்தும் நிலவியலாளர் தேர்வு எழுதி ஆய்வுத் துறையில் சேர்வது இன்னொன்று, ஆராய்ச்சி என்றால் லக்னோவில் பீர்பல் சாஹ்னி நிறுவனம்.

அந்த நிறுவனத்துக்குப் போனால் அடிக்கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். சாஹ்னி தானே ஃபாசில்களைப் பதித்துச் செய்த கல். 1949 ஏப்ரல் 3ல் நேரு நாட்டினார். ஒரு வாரத்தில் சாஹ்னி காலமானார். கட்டடத்தை எழுப்பி நிறுவனத்தை நடத்தியது அவர் மனைவி சாவித்திரி. மகள் வெயிலில் நடக்கத் தயாரா என்று மட்டும் கேளுங்கள். மே மாதக் காரையில் ஜிப்சம் தகடுகள் கண்ணாடிச் சில்லு போல மின்னும், கீழிருந்தும் வெயிலடிக்கும்.

தாத்தா திருச்சியில் வேலை பார்த்தபோது சேர்த்த அம்மோனைட் கற்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எந்த ஊரில் எடுத்தது என்று எதிலும் எழுதவில்லை. ஒரு கல்லூரிக்குக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். இத்தனை அழகான கற்களை ஏன் மறுக்கிறார்கள்?
(ஒரு வாசகர், மதுரை)

உங்கள் கடிதத்தை நான் இரண்டு தரம் படித்தேன். காரணம் இருக்கிறது.

எம்.ஃபில். ஆராய்ச்சிக்காகக் காரையில் இரண்டு கோடைக்காலம் அலைந்தேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சாயங்காலம்தான் அடுத்தது. ஆடு மேய்க்கிற பாட்டி ஒருவர் வழிகாட்டி. "நத்தக்கல்லு தானே? மூணாவது ஓடையில, செவப்பு மண்ணுக்கு மேல கெடக்கும்" என்பார். சொன்ன இடத்தில் இருக்கும். அம்மோனைட் இனங்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறியவை, அதனால் எந்தப் படுகையில் எது இருந்தது என்று தெரிந்தால் அதுவே கடிகாரம். ஓடைக்கரையில் பதிந்திருந்ததா, மேலிருந்து உருண்டு வந்து அடியில் கிடந்ததா என்பதே பெரிய வித்தியாசம். ஊர், ஓடை, அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரம், தேதி, எல்லாம் எழுதி 46 கற்களுக்கும் சீட்டு ஒட்டினேன். எதை வைத்து? வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை.

மழைக்காலத்தில் பெட்டியை வாடகை வீட்டுப் பரண்மேல் வைத்திருந்தேன். தை பிறந்து திறந்தால் கற்கள் அப்படியே இருக்கின்றன, சீட்டுகளைக் காணோம். ராமபாணப் பூச்சி மைதாவை ருசித்து எழுத்தோடு தின்றிருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் எண்கள் இருந்தன, எந்த எண் எந்தக் கல் என்று சொல்ல ஆளில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் திட்டவில்லை. ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலை மேசைமேல் வைத்தார். கல்லின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு பொட்டு, காய்ந்த பிறகு இந்தியன் இங்க்கில் எண், அதன்மேல் நெயில் பாலிஷ். அன்றிலிருந்து அதுதான் என் வழக்கம். ஸ்டோலிச்கா விவரித்த கற்கள் கொல்கத்தாவில் இருக்கின்றன. 150 வருஷம் ஆகியும் அவற்றுக்கு மதிப்பு இருக்கக் காரணம், ஒதியம், காரை, ஊட்டத்தூர் என்று ஊர்ப்பெயரோடு இருப்பதுதான். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் அந்த ஊருக்குப் போய்ப் பார்க்கலாம். அந்தக் கல்லூரி உங்களை மறுத்ததும் இதனால்தான்.

உங்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. தாத்தாவின் கற்களைக் கழுவிவிடாதீர்கள். சுருளின் இடுக்கில் மண் ஒட்டியிருந்தால் அதில் ஃபொராமினிஃபெரா இருக்கலாம். தெரிந்தவர் யாராவது பார்த்தால் எந்தக் காலத்துப் படுகை என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. தாத்தாவின் பழைய டைரி, பயணப்படி பில், கடிதம் ஏதாவது வீட்டில் கிடக்கிறதா என்றும் தேடுங்கள்.

என் பெட்டிக்கு அந்த வழியும் இல்லை. சீட்டு போன துக்கத்தில், பார்க்கவாவது அழகாக இருக்கட்டும் என்று 46 கல்லையும் சோப்புத்தூள் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டேன். அவற்றில் பெரியது இப்போது எங்கள் கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.